ரிஸிக்கி அக்காவின் ஏழு நாள்

தண்ணீரைக் கண்டாலே பின்வாங்கும் ஒரு மனிதர் எதற்காகத் தோணி ஏறித் தீவுக்குப் போனார்?

டார் எஸ் ஸலாம் நகரத்தின் தெமேக்கேயில், எங்கள் சந்தில் எல்லோரும் இந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்டார்கள். அப்போது ரிஸிக்கி அக்காவின் பணியாரச் சட்டிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். பள்ளிப் படிப்பு முடிந்து வேலை எதுவும் அமையாமல் சும்மா இருந்த என்னிடம், "வெள்ளிக்கிழமை வந்துடுவேன், அடுப்ப அணைய விடாத" என்று சொல்லிவிட்டு அக்கா தன் புருஷன் மபுலாவோடு புறப்பட்டுப் போயிருந்தார். பணியாரம் வாங்க வந்தவர்கள், கருகிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்கள்.

"மபுலா தீவுக்குப் போயிருக்கானாமே, நெசமா?"

"ஆமா."

"மழை பெஞ்சு சந்துல தண்ணி நின்னாலே சுவரோரமா ஒட்டிக்கிட்டுப் போற ஆளாச்சே. அவன் எதுக்குக் கடல்ல ஏறினான்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. வெள்ளிக்கிழமை வந்தது, அவர்கள் வரவில்லை. திரும்பி வந்த பிறகு அக்கா ஒரு பாதியும் மபுலா ஒரு பாதியுமாகச் சொல்ல, இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மபுலா ஆட்டோ ஓட்டுகிறவர். வடமேற்கே மாடு மேய்க்கும் சுக்குமாக்காரர்களின் ஊரிலிருந்து இளவயதில் டார் எஸ் ஸலாமுக்கு வந்தவர். துறைமுகத்தின் அக்கரைக்குப் போக வண்டியோடு ஏறும் படகு இருக்கிறது. எல்லா ஆட்டோக்காரர்களும் அதில்தான் போவார்கள். இவர் மட்டும் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். சவாரிக்காரர் சண்டை போட்டால், "எறங்கி நீந்திப் போங்க, நான் அந்தப் பக்கம் வந்து ஏத்திக்கிறேன்" என்பார்.

ரிஸிக்கி அக்கா அவருடைய மனைவி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் முற்றத்தில் அவர்களுடையது மூன்றாவது அறை. காலைத் தொழுகைக்குக் கூப்பிடும் முன்பே அக்கா எழுந்துவிடுவார். ஊறவைத்து அரைத்த அரிசியில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்துக் குழிச்சட்டியில் ஊற்றினால், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பேருந்து நடத்துநர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். கைகளில் முழங்கைவரை எண்ணெய் தெறித்த புள்ளிகள். மபுலாவின் தம்பிகள் இருவரையும், பிறகு தன் மகளையும் மகனையும் அந்தச் சட்டியை வைத்தே வளர்த்தார். மகள் கல்யாணமாகி மொரோகோரோ போய்விட்டாள். மகன் தெற்கே தொழில் பழகுகிறான். அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நின்றபடி ஒரு வாய், திரும்பி ஒரு கரண்டி மாவு, மறுபடி ஒரு வாய்.

எங்கள் கரையோர மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆனதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏழு நாள் வீட்டுக்குள் இருப்பார்கள். பெண் ஒரு வேலையையும் தொடக்கூடாது. அவளுடைய தாய்வழிப் பெண்கள் வந்து தங்கிச் சமைத்துப் போடுவார்கள், சந்தனம் அரைத்துப் பூசுவார்கள், அகில் புகை போடுவார்கள். ஏழாம் நாள் வெளியே அழைத்து வருவார்கள். தெமேக்கேயில் இப்போது எல்லோருக்கும் வேலை இருப்பதால் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். முற்றத்தில் யாருக்காவது அது நடக்கும்போது முதலில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது ரிஸிக்கி அக்காதான். "உனக்கு யாரு பண்ணினாங்க?" என்று யாராவது கேட்டால், "எனக்கு இந்தச் சட்டி பண்ணுச்சு" என்று சிரிப்பார்.

அக்காவுக்கு அது நடக்கவில்லை. அவருடைய அம்மா சுவேனா, கொமேனி என்ற சின்னத் தீவில் பிறந்தவர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தன் பிறந்த வீட்டுப் பெண்களை வரச்சொல்லித் தோணியில் சேதி அனுப்பினார். மாடு மேய்க்கும் ஊர்க்காரனுக்குப் பெண் கொடுக்கிற வீட்டுக்கு எதற்குப் போவது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அது அப்போது சுவேனாவுக்குத் தெரியாது. புதுப் பாய் ஒன்றை அறையில் விரித்து வைத்துவிட்டு இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் ரிஸிக்கி எழுந்து பணியாரம் சுடப் போய்விட்டார். சுவேனா பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். அதன்பிறகு கொமேனியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

போன வருடம் சுவேனா இறந்துபோனார். பரணைத் துப்புரவு செய்யும்போது பாய் கீழே விழுந்தது. அக்கா அதை வெயிலில் விரித்துவிட்டு, மாவு பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மபுலா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தார். மறுநாளிலிருந்து பேருந்து நிலையத்தில் கூடுதலாகச் சவாரி எடுக்க ஆரம்பித்தார். சில மாதம் கழித்து ஒரு மதியம் சொன்னார்.

"கொமேனிக்குப் போயிட்டு வரலாம்."

"யாரு?"

"நாமதான்."

"பாலத்து மேல போறப்பவே கண்ண மூடிக்கிற ஆளு நீங்க."

"ஓட்டும்போது கண்ண மூடினா என் வண்டியில எவன் ஏறுவான்? ஓரக்கண்ணால பாக்க மாட்டேன், அவ்வளவுதான்."

அக்கா சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அங்க யாராவது ஒருத்தர்கிட்ட, நான் சுவேனா பொண்ணுன்னு சொல்லணும். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அதே தோணியில வந்துடலாம்."

இருந்த காசுக்கு ஏற்ற பயணம் அது. சுற்றுலாக்காரர்கள் போகும் வேகப்படகு வேண்டாம், சாமான் ஏற்றும் தோணியில் போவது என்று முடிவு. சாப்பாட்டுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும் ஒரு பிளாஸ்க் தேநீரும். பையில் மாற்றுத்துணியோடு அந்தப் பாயும் இருந்தது. ஆனால் துறைக்குப் போகும் வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. வேறு வண்டிக்குத் திரும்பவும் காசு கொடுக்க வேண்டியதாயிற்று. தங்கும் வாடகைக்கு வைத்திருந்ததில் பெரும்பகுதி அதில் போய்விட்டது.

தோணி ஆற்றுமுகத்தைத் தாண்டியதுமே அக்காவுக்குக் குமட்டல். மேலே போர்த்தும் கங்காத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு சிமெண்ட் மூட்டைகள்மேல் படுத்துவிட்டார். மபுலா பாய்மரக் கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தோணியை ஓட்டும் தண்டல் ஹாருனி, கொமேனிக்காரன். மபுலாவைப் போன்ற மேட்டுநாட்டுக்காரர்களும் கரையோரத்துக்காரர்களும் அந்தக் காலத்திலிருந்தே கேலிமுறை உறவுக்காரர்கள். என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"மச்சான், கம்பத்தக் கொஞ்சம் விடு. அதுக்கு மூச்சு முட்டுது."

"உன் வேலையப் பாருடா. எங்க ஊருல மாட்டு வாலப் பிடிச்சா அது நேரா வீட்டுக்குக் கொண்டுபோய் விடும். உன் தோணிக்கு வாலே இல்ல, எத நம்பறது?"

"பேரு என்ன?"

"மபுலா. கல்யாணத்துக்காக வச்ச பேரு யூனுஸ்."

ஹாருனி சீட்டியடித்தான். "யூனுஸா? மீன் வயித்துக்குள்ள போன நபியோட பேராச்சே. எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா. மீன் வந்தா நேரா இவருகிட்டயே வரட்டும், நமக்கெதுக்கு வம்பு."

தோணியே சிரித்தது. மபுலாவும் கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

"எங்க தங்கறதா இருக்கே மச்சான்?"

"மலிவா எங்க கிடைக்கும்?"

"வெள்ளக்காரங்க தங்குற விடுதி ஒண்ணு இருக்கு. உன் மாட்டையெல்லாம் வித்தா ரெண்டு நாள் தங்கலாம். இல்லன்னா ஹாதியாம்மா வீட்டுல ஒரு அறை. வாடகை கேப்பாங்க. புது ஜோடின்னா மட்டும் வாங்க மாட்டாங்க. புது ஜோடி தங்கினா வீட்டுக்கு நல்லதுன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை."

மபுலா மெல்லக் கண்ணைத் திறந்தார். மூட்டைமேல் படுத்திருந்த அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகம் துணிக்குள் இருந்தது.

"நாங்க புது ஜோடிதான்."

ஹாருனி அவருடைய நரைத்த தலையைப் பார்த்தான். "ரெண்டாந்தாரமா?"

"இல்ல. ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் கல்யாணம்."

அதில் பொய் எதுவும் இல்லை. கல்யாணம் எப்போது நடந்தது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. மறுமணம் என்றால் கொமேனியில் மூன்று நாளோடு விட்டுவிடுவார்கள் என்பதும், முதல் கல்யாணத்துக்கு இன்னமும் முழு ஏழு நாள் கதவைச் சாத்துவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு நாள் நல்ல சாப்பாடு கிடைக்கும், வாடகை மிஞ்சும் என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தார்.

கொமேனியில் தோணி கரைவரை போகாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். கரையில் எட்டுக்கால் பேய்க்கணவாயைக் கல்லில் அடித்துப் பதப்படுத்திக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து ஹாருனி, "ஹாதியாம்மாகிட்டச் சொல்லுங்க, புதுப்பொண்ணு வருது" என்று கத்தினான். பிறகு மபுலாவை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினான். "கல்யாணப் பல்லக்கு" என்று கரையில் ஒருத்தி சொன்னாள். அக்கா பையைத் தலையில் வைத்துக்கொண்டு தானே நடந்தார். அம்மாவின் ஊரைத் தலைநிமிர்ந்து பார்க்க நினைத்தபோது நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டு ஒரு புதுத் துணியை அவர் தலையோடு போர்த்திவிட்டார்கள். புதுப்பெண்ணை ஊர் பார்க்கக் கூடாதல்லவா. கடற்கரையிலிருந்து வீடுவரை அக்கா பார்த்தது தன் கால்களை மட்டும்தான்.

அறைக் கதவு சாத்தியதும் அக்கா துணியை விலக்கினார்.

"இவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"வாடகை ரொம்பன்னு..."

"என்ன சொன்னீங்க?"

"புது ஜோடின்னு."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "இங்க ஏழு நாள்னா ஏழு நாள். கதவத் திறக்க மாட்டாங்க."

"தெமேக்கேல ஒரே நாள்ல..."

"இது தெமேக்கே இல்ல."

"அப்ப நான் போய் உண்மையச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல புதுப்பொண்ணுன்னு ஏமாத்தி உள்ள வந்தோம், அது வேற யாரும் இல்ல, உங்க சுவேனா பொண்ணுதான்னு சொல்லுவீங்களா? அந்த மாட்டுக்காரன் அப்பவே இப்படித்தான்னு சொல்லுவாங்க. செத்துப்போன அம்மாவையும் சேத்துப் பேசுவாங்க." அக்கா துணியால் முகத்தைத் துடைத்தார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லத்தான் வந்தேன். அத இப்ப வாயிலயே எடுக்க முடியாது."

மபுலா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்காரி ஹாதியாம்மா அறுபதைத் தாண்டியவர். குரல் உயர்த்தாமலே ஊரை அடக்குகிறவர். முதல் நாள் விடிவதற்குள் பழக்கதோஷத்தில் அக்கா எழுந்து, சமையல்கட்டுக்குப் போய், அடுப்பை மூட்டி, அங்கிருந்த அரிசிமாவைக் கரைக்க ஆரம்பித்துவிட்டார். ஹாதியாம்மா வாசலில் வந்து நின்றார். கரைத்த மாவைப் பார்த்தார், புதுப்பெண்ணைப் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"தூக்கம் வரல... சும்மா..."

"எங்க ஊரு அடுப்புக்கு நெருப்பு வைக்க ஆள் இல்லாம உன்னைக் கூப்பிட்டோமா? போய்ப் படு."

அக்கா போய்ப் படுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் இஞ்சி போட்ட கஞ்சி வந்தது. பிறகு மீன் குழம்பும் தேங்காய்ச் சோறும் வந்தன. ஒருத்தி கால்களுக்கு எண்ணெய் தேய்த்தாள். ஒருத்தி கல்லில் சந்தனம் இழைத்துக் கைகளில் பூசினாள். எண்ணெய்ப் புள்ளிகளைப் பார்த்து, "இது என்ன அக்கா?" என்று கேட்டாள். "கொசு" என்றார் அக்கா.

"இவ்வளவு பெரிய கொசுவா?"

"தெமேக்கே கொசு."

மபுலாவின் பாடு வேறு. மாப்பிள்ளையும் வெளியே போகக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே ஹாருனி வந்து நின்று, "மச்சான், கடல் உன்ன விசாரிச்சுது" என்பான். "நான் நல்லா இருக்கேன்னு சொல்லு, எழுந்து வர வேணாம்னு சொல்லு" என்பார் இவர். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிட்டதாக என்னிடம் சொன்னார்.

பெண்ணுக்குப் புத்தி சொல்ல அசுமினி என்ற ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது. அந்த வேலையை அவள் முதல்முறையாகச் செய்கிறாள். மதியத்தில் மாப்பிள்ளையைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அக்காவின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, புருஷன் கோவமா வீட்டுக்கு வந்தா முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுக்கணும்."

"சரி."

"எதிர்த்துப் பேசக் கூடாது."

"சரி."

"குடிச்சதும் அடங்கிடுவாரு."

"அடங்கலன்னா?"

அசுமினி விழித்தாள். "அடங்கிடுவாருன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"உன் வீட்டுல அடங்குறாரா?"

அவள் அன்றைய பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டாள். அடுத்த நாள் வந்தபோதும் பாடம் சரியாக ஓடவில்லை. இடையில், தன் புருஷன் பிடித்த மீனையெல்லாம் அவன் அம்மா வீட்டுக்கே கொடுத்துவிடுகிறான், கேட்டால் கத்துகிறான் என்று சொல்லிவிட்டாள். அக்கா தன்னை மறந்துவிட்டார்.

"அவன் பசியோட வர்ற நேரத்துல கேக்காத. சாப்பிட்டதும் கேக்காத, தூங்கிடுவான். காலையில வலைய எடுக்கும்போது, ரெண்டு கையும் வேலையா இருக்கும் பாரு, அப்பக் கேளு. 'உங்க அம்மாவுக்கு எடுத்து வச்சாச்சு, நமக்கு எதுன்னு சொல்லிட்டுப் போ'ன்னு கேளு. அவங்க அம்மாவக் குறைச்சுப் பேசிடாத. நானும் ஆரம்பத்துல பேசிட்டேன், இவரோட தம்பிங்க ரெண்டு பேரும் வளர்ந்து கல்யாணம் ஆகுற வரைக்கும் இவரு அத மறக்கல..."

அசுமினி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நிறுத்திவிட்டார்.

"அக்கா. நீங்க புதுப்பொண்ணு இல்ல."

அக்கா அழுவார் என்று அசுமினி நினைத்தாளாம். ஆனால் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் வாயில் துணியை வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அக்கா எல்லாவற்றையும் சொன்னார், அம்மாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் காலையில கேக்குறது, அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் அசுமினி.

வெள்ளிக்கிழமை காலை. ஹாருனியின் தோணி துறைக்குத் திரும்பும் நாள். மபுலா முந்தின நாளே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். ஊரில் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று போனில் சேதி வந்ததாகச் சொல்வது. ஹாதியாம்மா கேட்டுக்கொண்டு, "உடம்பு முடியலன்னா போகத்தான் வேணும்" என்றார். வழிக்கென்று வாழை இலையில் பொரித்த மீன் கட்டிக் கொடுத்தார். அக்காவின் தலையில் மறுபடியும் துணியைப் போர்த்தினார். எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது. வாசலுக்கு வெளியே ஹாருனி பையை வாங்கக் கை நீட்டினான்.

அக்கா பையைக் கொடுக்கவில்லை.

"என்ன?" என்றார் மபுலா மெதுவாக. "வா. நேரமாச்சு."

"இந்தத் துணிக்குள்ளயே வந்து துணிக்குள்ளயே போகவா?"

"வேணாம் ரிஸிக்கி. நல்லபடியா அனுப்பி வைக்கிறாங்க. அதக் கெடுத்துக்க வேணாம்."

அக்கா துணியைத் தலையிலிருந்து எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். ஹாதியாம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இவரு தம்பி நல்லாத்தான் இருக்கான். நான் புதுப்பொண்ணும் இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகி, பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு. வாடகைக்குக் காசு பத்தலன்னு இவரு சொன்ன பொய். நான் இத்தன நாள் வாயத் திறக்காம உங்க சோத்தச் சாப்பிட்டேன். என் அம்மா பேரு சுவேனா. அலவியோட பொண்ணு சுவேனா. இந்த ஊருதான்."

வாசலில் நின்ற பெண்கள் ஹாதியாம்மாவைப் பார்த்தார்கள்.

"சுவேனா எங்க?" என்று கேட்டார் ஹாதியாம்மா.

"போன வருஷம் போயிட்டாங்க."

ஹாதியாம்மா திரும்பி உள்ளே போனார். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுவிட்டார், இனி தோணிதான் என்று அக்கா நினைத்தார். மபுலா வந்து பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார். ஹாதியாம்மா ஒரு முக்காலியோடு வெளியே வந்து, அதை வாசலின் நடுவில் போட்டு, அதில் உட்கார்ந்தார். யாரும் தாண்டிப் போக முடியாது.

"ஹாருனியோட அப்பன் தோணியிலதான் அந்தச் சேதி வந்துது" என்றார். "சுவேனா எனக்குப் பெரியம்மா பொண்ணு. நான் வரணும்னு பேர் சொல்லிக் கேட்டிருந்தா. சந்தனம் எல்லாம் எடுத்து வச்சேன். ஆம்பளைங்க கூடிப் பேசினாங்க. மாட்டுக்காரன் வீட்டுக்கு நம்ம பொண்ணுங்க போறதான்னாங்க. சரின்னு இருந்துட்டேன். எவன் சொன்னான்னு இப்ப எனக்கு ஞாபகம் கூட இல்ல. செத்துட்டாங்க எல்லாரும்." அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "யாரு வந்து பண்ணினாங்க உனக்கு?"

"யாரும் வரல. அம்மா பாய் விரிச்சு வச்சிருந்தாங்க. மூணாம் நாள் நான் வேலைக்குப் போயிட்டேன்."

"அந்தப் பாய்?"

அக்கா பையைத் திறந்து பாயை எடுத்தார். ஹாதியாம்மா அதைக் கையில் வாங்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஹாருனியிடம் சொன்னார்: "நீ கிளம்பு. இவங்க வரல. இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு."

"அம்மா, எங்ககிட்ட..." என்று மபுலா ஆரம்பித்தார்.

"நீ பேசாத. பொய் சொல்லி என் வீட்டுல தின்னவன் நீ. கேலிமுறைக்காரன்கிறதால உன்ன அடிக்க முடியாது. அபராதம் உண்டு. ஏழாம் நாள் பொண்ணக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப நீயும் இறங்கி முங்கணும்."

"எவ்வளவு ஆழம்?"

"உன் வாய் முழுகுற ஆழம்."

அறையில் விரித்திருந்த பாயை எடுத்துவிட்டு, சுவேனாவின் பாயை ஹாதியாம்மா தன் கையால் விரித்தார். "உக்காரு" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் சந்தனத்தை வேறு யாரையும் தொடவிடாமல் அவரே இழைத்தார். சேதி தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, நான் சுவேனாவோடு சிப்பி பொறுக்கியவள், நான் உனக்கு அத்தை முறை, நான் உனக்குத் தங்கை முறை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா பாயில் உட்கார்ந்தபடியே எல்லோரிடமும், "ஆமா, நான் சுவேனா பொண்ணு" என்றார். எத்தனை முறை சொன்னாலும் அலுக்கவில்லையாம். அசுமினி மட்டும் பாடம் சொல்ல வருவதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது பாடம் கேட்டது அவள்தான்.

ஏழாம் நாள் பெண்கள் பாடிக்கொண்டே அக்காவைக் கடலுக்கு அழைத்துப் போனார்கள். இந்த முறை தலையில் துணி இல்லை. தென்னைகளையும், சாய்ந்து நின்ற பழைய தோணிகளையும், அம்மா பொறுக்கிய சிப்பிக் கரையையும் அக்கா பார்த்துக்கொண்டே நடந்தார். தண்ணீரில் இறங்கித் தலை முழுகினார். பின்னால் மபுலாவை, துறையிலிருந்து திரும்பி வந்திருந்த ஹாருனியும் இன்னொருவனும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முழங்கால் வந்ததும் நின்றார். இடுப்பு வந்ததும் சுக்குமா மொழியில் என்னவோ முணுமுணுத்தார். "பிரார்த்தனையா?" என்றான் ஹாருனி. "உன்னத் திட்டறேன்" என்றார். பிறகு தானே மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். கரையில் ஒரே கூச்சல்.

அவர்கள் திரும்பி வந்த அன்று முற்றம் முழுக்கச் சந்தனம் மணத்தது. அக்கா நான் சுட்ட பணியாரத்தில் ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "வாடிக்கையெல்லாம் இன்னும் உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டார். அப்புறம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, அதைச் சாப்பிட்டார்.

சந்தில் எல்லோரும் கேட்ட கேள்வியை நான் மபுலாவிடமே கேட்டேன். "தண்ணின்னா அவ்வளவு பயமாச்சே, எதுக்குப் போனீங்க?"

அவர் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னக் கட்டிக்கிட்டதாலதானே அவளுக்கு யாரும் வரல. பாயப் பாத்தப்புறம் சும்மா இருக்க முடியல."

"அப்ப ஏழு நாள் நடக்கணும்னு தெரிஞ்சேதான் அந்தப் பொய்ய..."

"இல்லம்மா. அது வாடகை மிச்சம்னு சொன்னது."

வண்டியைக் கிளப்பினார். அடுத்த சவாரி அக்கரைக்கு. அன்றும் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு வாருங்கள் என்று வந்த சேதிக்குக் கோபத்தில் போகாமல் இருந்துவிட்டவர்கள் உங்களுக்குத் தெரிந்த இடத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பெயர்களை மாற்றிக்கொண்டாலும் பரவாயில்லை. மபுலா கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னது ரிஸிக்கி அக்கா.